பேனும் தெள்ளுப்பூச்சியும் பிடித்த பிடி



"ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது" என்று நம் ஊரில் சொல்வோம். இந்தச் சின்ன உயிர்கள் வரலாற்றையே ஆட்டி வைத்திருக்கின்றன.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அரசாங்கம் வீடுகளுக்கு மருந்து அடித்தது, துணிமணிகளை எரித்தது. நோய் அடங்கவில்லை. 1898இல் பெங்களூரைத் தொட்டது. அன்று ஓசூர் நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. கோவையில் இன்றும் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தப் பயத்தின் சாட்சி.

அதே 1898இல் கராச்சியில் பால் லூயி சைமண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயுற்ற எலியையும் நல்ல எலியையும் ஒன்றையொன்று தொட முடியாதபடி கம்பி வலையால் பிரித்து வைத்தார். நல்ல எலிக்கும் நோய் வந்தது. வலையைத் தாண்டியது தெள்ளுப்பூச்சி! பல ஆண்டுகள் இதை யாரும் ஏற்கவில்லை.

தெள்ளுப்பூச்சியின் உடம்பு பக்கவாட்டில் தட்டையானது. அதன் முட்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. அதனால் ரோமத்துக்குள் முன்னே எளிதாக நழுவும். எலி சொறிந்து பின்னே இழுத்தாலோ முட்கள் மாட்டிக்கொள்ளும். எலி செத்து உடல் குளிர்ந்தால்தான் விட்டுவிட்டு அடுத்த உடம்பைத் தேடும். எலி செத்து விழுந்ததும் நம் மக்கள் வீட்டைக் காலி செய்ததில் எவ்வளவு அனுபவ அறிவு பாருங்கள்!

பேனின் வழி வேறு. அதற்குத் தாவவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. ஆறு கால்களின் நுனியிலும் கொக்கி போன்ற நகம். அது முடியின் பருமனுக்கு அளவெடுத்தது போல் மடங்கிப் பிடிக்கும். 1665இல் ராபர்ட் ஹூக் தம் நூலில் பேனை வரைந்தபோதே, மனித முடியைப் பிடித்தபடிதான் வரைந்தார். ஈரையோ பேன் பசை வைத்து முடியில் ஒட்டிவிடும். தலைக்குக் குளித்தாலும் போகாது.

அதனால்தான் நம் பாட்டிமார் ஈருளி வைத்திருந்தார்கள். இஸ்ரேலின் லாக்கீசில் 2016இல் கிடைத்த, சுமார் 3,700 ஆண்டுப் பழைய தந்தச் சீப்பில், பேன் ஒழியட்டும் என்ற வேண்டுதலே எழுதியிருக்கிறது. 2022இல்தான் அதைப் படித்தறிந்தார்கள்.

இதை எழுதக் காரணம் உண்டு. பேன் இருந்ததற்காகப் பெண் குழந்தைகளைத் தனியே உட்கார வைத்ததை, மொட்டையடித்ததை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். சுத்தமான தலையிலும் பேன் பிடிக்கும். அது அழுக்கின் அடையாளம் அல்ல, தலையோடு தலை சேர்ந்து விளையாடியதன் அடையாளம். ஈர் பொரிய ஏழெட்டு நாள் ஆகும். ஆகவே எண்ணெய் தடவி, நெருக்கமான சீப்பால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் பொறுமையாக வாருங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, எந்தக் குழந்தையையும் பேனுக்காகத் தலைகுனிய வைக்காதீர்கள்.