மாதிரியெடுப்பு முறைகளும் தரவு வகைகளும்

ஒரு பெருந்தொகுதியின் இயல்பை அதன் சிறு பகுதியை மட்டும் ஆராய்ந்து மதிப்பிடும் புள்ளியியல் முறை மாதிரியெடுப்பு (கூறெடுப்பு) எனப்படும். ஆய்வுக்குரிய மொத்தம் முழுமைத்தொகுதி. அதிலிருந்து எடுத்துக்கொள்வது மாதிரி. வாக்காளர் பட்டியல், கிராமத்தின் புல எண் பதிவேடு போல, தெரிவுக்கு ஆதாரமாகும் பட்டியலுக்கு மாதிரிச் சட்டகம் என்று பெயர். மாதிரி நம்பத்தக்கதா என்பது பெரிதும் அது தெரிவு செய்யப்பட்ட விதத்தைப் பொறுத்தது. அதன் பருமனுக்கு இரண்டாம் இடம்தான்.

பகுதியை வைத்து முழுமையைப் பேசலாம் என்று 1895-இல் பெர்ன் நகரில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் கழகத்தில் நார்வே நாட்டவரான ஆண்டர்ஸ் கியர் எடுத்துரைத்தபோது பலரும் எதிர்த்தனர். 1934-இல் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் எழுதிய கட்டுரை இம்முறைக்கு உறுதியான கணித அடிப்படையைத் தந்தது.

வயலில் மாதிரியெடுப்பு

மாதிரியெடுப்பின் வரலாற்றில் இந்திய வயல்களுக்குத் தனி இடம் உண்டு. நெல் விளைச்சலைக் கண்மதிப்பாகச் சொல்லும் பழக்கத்துக்கு மாற்றாக, 1920-களில் பீகார், ஒரிசாவில் ஜே. ஏ. ஹப்பக் என்ற ஆங்கிலேய அதிகாரி சமவாய்ப்பு முறையில் சிறு துண்டுகளை அறுத்து எடைபார்த்தார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பி. சி. மகலநோபிஸ் 1937-இலிருந்து வங்காளச் சணல் பயிருக்குப் பெரும் மாதிரி ஆய்வுகளை நடத்தினார். களப்பணியாளரின் பிழையையும் அளக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரே பகுதியில் இரண்டு குழுக்கள் தனித்தனி மாதிரிகளைத் திரட்டும். இரு முடிவுகளும் பெரிதும் விலகினால் களத்தில் ஏதோ கோளாறு என்று பொருள்.

அறுக்கும் துண்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதில் மகலநோபிசுக்கும் மற்றொரு புள்ளியியலாளரான பி. வி. சுகாத்மேக்கும் கடும் கருத்து வேறுபாடு இருந்தது. சிறிய துண்டு விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்பதைச் சுகாத்மே 1940-களில் சோதனை வழியே காட்டினார். காரணம் எளிது: துண்டு சிறுக்கும்போது பரப்போடு ஒப்பிட எல்லைக்கோடு நீள்கிறது, எல்லையில் நிற்கும் பயிரை அறுப்பவர் தம்மை அறியாமல் உள்ளே சேர்த்துவிடுகிறார். இன்றைய நடைமுறை சுகாத்மேயின் பக்கமே சாய்ந்துள்ளது. பெரும்பாலான பயிர்களுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டு அறுக்கப்படுகிறது. கிடைத்த எடையை 400-ஆல் பெருக்கினால் எக்டேர் விளைச்சல் வரும். எனவே துண்டில் அரைக் கிலோ தவறினால் எக்டேருக்கு 200 கிலோ தவறும்.

இந்தப் பயிர் அறுவடைச் சோதனையிலேயே பல முறைகள் அடங்கியிருக்கின்றன. வட்டத்தையோ ஒன்றியத்தையோ ஒரு படுகையாகக் கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே எடுப்பது படுகை மாதிரியெடுப்பு. முதலில் ஊர், பிறகு ஊருக்குள் வயல், வயலுக்குள் துண்டு என்று இறங்குவது பல்கட்ட மாதிரியெடுப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் சமவாய்ப்பு எண்களே தெரிவைத் தீர்மானிக்கின்றன. தென்மேற்கு மூலையிலிருந்து எத்தனை அடி எடுத்துவைத்துத் துண்டின் முனையைக் குறிப்பது என்பது வரை இதுதான் விதி. நன்றாக விளைந்த இடத்தையோ வரப்போரத்தையோ அலுவலர் தாமாகத் தேர்ந்துகொள்ள முடியாது. பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் பெரும்பாலும் இந்தச் சோதனையின் முடிவைக் கொண்டே கணக்கிடப்படுவதால், இது வெறும் ஏட்டு விதியன்று.

பட்டியலில் குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொன்றாக எடுப்பது முறைசார் மாதிரியெடுப்பு. எளிதுதான், ஆனால் பட்டியலுக்குள் சுழற்சி ஒளிந்திருந்தால் ஏமாற்றும். வாரச்சந்தை கூடும் ஊரில் ஏழு நாளுக்கு ஒருமுறை கடை விற்பனையைக் கேட்டால் ஒன்று எப்போதும் சந்தை நாளாகவே விழும், அல்லது ஒருபோதும் விழாது. ஒரு தெருவையோ ஊரையோ மொத்தமாக எடுத்துக்கொள்ளும் கொத்து முறையில் பயணச் செலவு மிச்சம். அக்கம்பக்கத்தார் பல விதத்தில் ஒத்திருப்பதால் பிழை கூடும்.

தரவு வகைகள்

ஆய்வாளர் நேரில் திரட்டுவது முதல்நிலைத் தரவு. பிறர் திரட்டியதைப் பயன்படுத்துவது இரண்டாம்நிலைத் தரவு. வயலில் குறித்த எடை வேளாண் புள்ளியியல் துறைக்கு முதல்நிலை, அதை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்கு இரண்டாம்நிலை.

அளவைகளை உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் நான்காகப் பிரித்தார். பயிரின் பெயர், புல எண் ஆகியவை பெயரளவைத் தரவுகள். புல எண் எண்ணாக எழுதப்பட்டாலும் அதற்குச் சராசரி காண்பதில் பொருளில்லை. கணினியில் தரவை ஏற்றுவோர் அடிக்கடி தடுமாறும் இடம் இது. நோய்த் தாக்குதலைக் குறைவு, நடுத்தரம், கடுமை எனக் குறித்தால் வரிசை அளவை. செல்சியஸ் வெப்பநிலை இடைவெளி அளவை. அங்கே 40 பாகை என்பது 20 பாகையின் இரு மடங்கு வெப்பமாகாது. நெல்லின் எடைக்கு உண்மையான சுழியம் உண்டு, ஆகவே அது விகித அளவை. கதிர்களின் எண்ணிக்கை தனித்த மாறி, எடை தொடர் மாறி. பல அலகுகளை ஒரே காலத்தில் அளந்தால் குறுக்குவெட்டுத் தரவு, ஒன்றைப் பல காலம் அளந்தால் காலத்தொடர், அதே அலகுகளைத் திரும்பத் திரும்ப அளந்தால் குழுத் தரவு.

பருமனும் பிழையும்

எளிய சமவாய்ப்பு மாதிரியில் 1,000 பேரைக் கேட்டால், 95 விழுக்காட்டு நம்பகத்தில் பிழை வீச்சு ஏறத்தாழ 3 விழுக்காடு. அதைப் பாதியாக்க 4,000 பேர் தேவை. முழுமைத்தொகுதி ஒரு மாவட்டமா, நாடா என்பதால் இக்கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

தெரிவில் சாய்வு இருந்தால் பருமன் கைகொடுக்காது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டைகள் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பின. லாண்டன் வெல்வார் என்றது இதழ். ஆனால் அவரை எதிர்த்த ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவேடு முதலியவற்றிலிருந்து வந்தவை. பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். பதில் எழுதாதவர்களும் எழுதியவர்களும் ஒரே கருத்தினர் அல்லர்.

அதைவிட மிகச் சிறிய மாதிரியுடன் அந்தத் தேர்தலைச் சரியாகக் கணித்த கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப்பும் 1948 அதிபர் தேர்தலில் சறுக்கினார். டூயி வெல்வார் என்றார், வென்றவர் ட்ரூமன். காலப் கையாண்டது ஒதுக்கீட்டு முறை: இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள் என்ற வரம்புக்குள் யாரைக் கேட்பது என்பது பேட்டியாளரின் விருப்பம். வசதி மாதிரி, ஒருவர் மற்றொருவரை அடையாளம் காட்டும் பனிப்பந்து முறை ஆகியவையும் இத்தகைய சமவாய்ப்பற்ற முறைகளே. எளிதில் வெளிப்படாத குழுக்களை ஆராய அவை பயன்படும். ஆனால் விரும்பியவர் மட்டும் பங்கேற்கும் இணைய வாக்கெடுப்பில் எத்தனை லட்சம் பேர் கலந்துகொண்டாலும், பிழை வீச்சு என்று ஒன்றை அதற்குக் கணக்கிட்டுச் சொல்வதற்குக் கணித ஆதாரம் இல்லை.