தவறணைக்கு அனுமதி, கஞ்சாவுக்கு விலங்கு: ஊவாவிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

பேராதனையில் தொடங்கி, பதுளை, பசறை ஊடாகச் செங்கலடி வரை செல்லும் ஏ5 நெடுஞ்சாலையில் லுணுகலை ஓர் எல்லையூர். அதன் மேற்கே மடூல்சீமை, பசறைப் பக்கத்துத் தேயிலைமலைகள். மறுபக்கம் வீதி வளைந்து வளைந்து பிபிலைக்கு இறங்குகிறது. அங்கிருந்து வெல்லஸ்ஸவின் உலர்ந்த காடுகளும் சேனை நிலங்களும் தொடங்குகின்றன. இந்த இரு நிலங்களும் இருவேறு போதைகளோடு பெயர் சேர்த்துப் பேசப்படுகின்றன. மலையில் தவறணைச் சாராயமும் கசிப்பும்; கீழே, மொனராகலை மாவட்டத்தின் தணமல்வில முதலான காட்டோரங்களில், கஞ்சா. முன்னதில் சாராயத்தை அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்து விற்கிறது. பின்னதை விசேட அதிரடிப்படை வேரோடு பிடுங்கித் தீயிடுகிறது.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற வாதம் இலங்கையில் கடந்த சில ஆண்டுகளாக ஓங்கி ஒலிக்கிறது. அதற்கு விடை தேடுமுன் இன்னொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஒரு போதை வருமானமாகவும் மற்றொன்று குற்றமாகவும் ஆனது எவ்வாறு?

கஞ்சா இந்தத் தீவுக்குப் புதிதன்று. 1660இல் கண்டி மன்னனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், காட்டு வழியில் கெட்ட நீரைக் குடிக்க நேர்ந்தபோது அதன் தீங்கு தாக்காதிருக்க இந்த இலையை உண்டதாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார். அவர் கொடுத்த தகவலைக் கொண்டு 1689 டிசம்பரில் விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் இலண்டன் றோயல் சொசைட்டியில் இந்தச் செடியைப் பற்றி உரை நிகழ்த்தினார். மேற்குலகின் அறிவியல் அவைக்குக் கஞ்சா பற்றிய செய்தி சென்ற வழிகளுள் ஒன்று இலங்கையின் காட்டுப் பாதை என்பது பலர் அறியாத சங்கதி.

பிரித்தானியர் 1867இல் அபினையும் பங்கியையும் கட்டுப்படுத்தும் கட்டளைச்சட்டத்தைக் கொண்டுவந்தனர். விற்பனையைத் தம் அனுமதிக்குள் அடக்குவதே அதன் போக்கு. அதே காலத்தில் சாராயத்தின் கதை வேறாக இருந்தது. சாராயக் குத்தகை குடியேற்ற அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டில் பரவியபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகளின் கைக்காசை நோக்கித் தவறணைகளும் தோட்ட வாசல்வரை பரவின. குத்தகைக்காரர் செல்வந்தரானார்கள். பிற்காலத்து உள்ளூர் முதலாளி வர்க்கத்தின் மூலதனத்தில் சாராயக் குத்தகைக்கு இருந்த பங்கைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டு வெளியான தமது ஆய்வு நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். 1912இன் மதுவரிச் சட்டத்தை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கம் பல தேசியத் தலைவர்களை உருவாக்கியது. ஆயினும் தவறணை மறையவில்லை. கருவூலம் அதை மறைய விடவில்லை.

தீங்கின் அளவே சட்டத்தின் அளவுகோலாக இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும். அந்த அளவை எடுத்துப் பார்க்கும் முயற்சி ஒன்றும் நடந்தது. 1893இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியின் விளைவாக இந்திய அரசு கஞ்சா ஆணைக்குழுவை அமைத்தது. மருத்துவர், அதிகாரிகள், பயிரிடுவோர், சமயத்தவர் என 1,193 சாட்சிகளின் கருத்தை அது திரட்டியது. 1894இல் அது சொன்ன முடிவு இதுதான்: அளவான பாவனையால் பெருந்தீங்கு இல்லை, மிதமிஞ்சிய பாவனை தீங்கானது, முழுத்தடை தேவையற்றது, வரியும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்தலே தக்க வழி. அந்த ஆணைக்குழுவுக்கும் அரசின் மதுவரி வருமானம் மறந்து போகவில்லை என்பது உண்மை. எனினும் இவ்வளவு விரிவான விசாரணையை அதற்கு முன் எந்த அரசும் நடத்தியதில்லை.

தடை வந்த வழி வேறு. 1924–25இல் ஜெனீவாவில் நடந்த சர்வதேச அபின் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் கஞ்சா இருக்கவில்லை. எகிப்தியப் பிரதிநிதி அங்கே அதன் பிசினான ஹஷீஷைப் பற்றிக் கடுமையாகப் பேச, 1925 பெப்ரவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையில் இந்தியக் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில், 1929இன் 17ஆம் இலக்க நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் இலங்கையில் பிறந்தது. பலமுறை திருத்தப்பட்ட அந்தச் சட்டமே இன்றும் நம் நீதவான் நீதிமன்றங்களில் ஓதப்படுகிறது.

ஆனால் தடையிலும் ஒரு வாசல் திறந்தே இருந்தது. 1961இன் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ், பதிவுபெற்ற வைத்தியர்கள் மருந்து தயாரிப்பதற்கு ஆயுர்வேத ஆணையாளர் வழியாகக் கஞ்சாவைப் பெறலாம். அது எங்கிருந்து வருகிறது? பொலிஸார் கைப்பற்றி நீதிமன்றங்களில் வைத்த சான்றுப் பொருளிலிருந்து! அது நான்கைந்து ஆண்டுகள் கிடந்து வீரியம் இழந்த பின்னரே வைத்தியர் கைக்கு வருகிறது என்று 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன கூறினார். அதற்காக இங்கிரியவில் அரசே பயிரிடும் திட்டமொன்றையும் அவர் அறிவித்தார். ஒரே செடி பயிரிட்டவனுக்குக் குற்றமாகவும், நீதிமன்ற அறையில் சான்றாகவும், வைத்தியசாலையில் மருந்தாகவும் மூன்று பிறவி எடுக்கும் விந்தை இது.

2022இல் நாடு கடனடைக்க வழியின்றித் தவித்தபோது வாதத்தின் மொழி மாறிற்று. மருந்து என்ற பேச்சு பின்னுக்குப் போய், டொலர் என்ற பேச்சு முன்னுக்கு வந்தது. அப்போதைய இராஜாங்க அமைச்சர் டயனா கமகே கஞ்சா ஏற்றுமதியை ஓயாது வலியுறுத்தினார். அவ்வாண்டு நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத்திட்டமும் ஏற்றுமதிக்காகப் பயிரிடுவதை ஆராய நிபுணர் குழுவை முன்மொழிந்தது. 2025 ஓகஸ்டில், மீரிகமவில் 64 ஏக்கரில் ஏற்றுமதிக்கு மட்டும் பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று.

இதே ஆண்டுகளில் மறுபக்கத்தில் நடந்தது என்ன? 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியது. சில வாரங்களுக்குள் பல்லாயிரவர் கைதாயினர். அதை இடைநிறுத்தி மீளாய்வு செய்யுமாறு ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் கோரினர். அண்மைய ஆண்டுகளில் தண்டனை பெற்றுச் சிறை செல்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் போதைப்பொருள் குற்றங்களுக்காகவே செல்கின்றனர். சிறை செல்வோரில் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்ததே 2024 செப்டெம்பரில்தான். அந்த வீட்டுப் பையன் ஒருவனின் சட்டைப்பையில் ஒரு சுருள் கஞ்சா அகப்பட்டால், தண்டப்பணம் குடும்பத்தின் ஒரு மாத அரிசி. கட்டாவிட்டால் சிறை. கட்டினாலும், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் பொலிஸ் நற்சான்றிதழ் அந்தப் பழைய வழக்கை மீண்டும் எழுப்பும். அதே லயத்தில் அனுமதிபெற்ற சாராயத்தைக் குடித்து மனைவியை அடிப்பவனுக்கு அவ்விதக் கறை எதுவும் பெரும்பாலும் ஒட்டுவதில்லை.

கஞ்சா தீங்கற்றது என்று வாதிடுவது என் நோக்கமன்று. பதின்ம வயதில் தொடங்கித் தொடர்ந்து பாவிப்போருக்கு மனநோய் ஆபத்து கூடுவதை மருத்துவ ஆய்வுகள் எடுத்துச் சொல்கின்றன. அடிமையாகிறவர்களும் உண்டு. தாய்லாந்து 2022 ஜூனில் கட்டவிழ்த்துவிட்டு, கடைகள் புற்றீசலாய்ப் பெருகிய பின், 2025 ஜூனில் வைத்தியர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று திரும்பியது. அவசரப்படுவோர்க்கு அது ஒரு பாடம்.

கனடா மற்றொரு பாடம். 2018 ஒக்டோபர் 17 முதல் அங்கே வயது வந்தோர் கடையில் வாங்கலாம். டொரொன்டோவில் மைத்துனன் பற்றுச்சீட்டுடன் வாங்குவதை லுணுகலையில் மச்சான் வைத்திருந்தால் கைவிலங்கு. பழைய சிறுவழக்குகளின் பதிவைக் கட்டணமின்றி ஒதுக்கிவைக்க 2019இல் கனடா தனிச்சட்டம் இயற்றியது. ஆனால் ஒவ்வொருவரும் தாமே விண்ணப்பிக்க வேண்டியிருந்ததால் பயன் பெற்றோர் எதிர்பார்த்ததிலும் மிகக் குறைவு. சட்டத்தை மாற்றுவது எளிது. அது ஏற்கெனவே உடைத்த வாழ்வுகளை ஒட்டுவது கடினம்.

உரிமம் யார் கையில் என்பதற்கும் ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. இன்றைய வங்காளதேசத்தின் நௌகாவ்னில், பிரித்தானிய ஆட்சியின் உரிமத்தோடு கஞ்சா பயிரிட்ட விவசாயிகள் 1917இல் கூட்டுறவுச் சங்கமாக ஒன்றுசேர்ந்தனர். அந்தச் சங்கத்தின் வருவாயில் பள்ளிக்கூடங்களும் மருந்தகங்களும் வழிபாட்டிடங்களும் எழுந்தன. 1987இல் தடை வரும்வரை அங்கே பயிர் தொடர்ந்தது. பயிரிட்டவனின் கைக்கே பயன் சேர்ந்த முன்மாதிரி அது. மீரிகம வேலிக்குள் வெல்லஸ்ஸவின் சேனை விவசாயிக்கு என்ன இடம்?

லுணுகலையிலிருந்து இறங்கும் வீதியில் வரும் பிபிலை, பேராசிரியர் சேனக்க பிபிலையின் குடும்பப் பெயரிலும் இருக்கும் ஊர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான அவர், மருந்தைப் பற்றிய முதற்கேள்வி அதனால் யாருக்கு இலாபம் என்பதன்று, அது யாருக்குத் தேவை, ஏழைக்கு எட்டுமா என்பதே என்று நாட்டுக்குக் கற்பித்தவர். கஞ்சா வாதத்தையும் அந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

ஆகவே ஏற்றுமதிக்கு அனுமதி கொடுக்கும் அரசு மூன்றைச் செய்யாமல் தன்னை நியாயவாதி என்று சொல்லிக்கொள்ள முடியாது. சொந்தப் பாவனைக்கான சிறு அளவை வைத்திருப்பதைச் சிறைக்குரிய குற்றமாகக் கொள்வதை நிறுத்தி, சிகிச்சை தேவைப்படுவோரை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். அத்தகைய பழைய வழக்குப் பதிவுகளை, விண்ணப்பத்துக்குக் காத்திராமல், தானே நீக்க வேண்டும். பயிரிடும் உரிமத்தில் உள்ளூர் விவசாயிகளின் கூட்டுறவுகளுக்கும் இடம் வைக்க வேண்டும். இவை இல்லாத சட்டபூர்வமாக்கல், சாராயக் குத்தகையின் மறுபதிப்பாகவே முடியும். அன்று குத்தகைக்காரன் மாளிகை கட்டினான். தோட்டத்தான் தவறணை வாசலில் விழுந்து கிடந்தான். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.