பெயர்ப்பலகையில் எஞ்சிய இரண்டு எழுத்துகள்



அண்மையில் ஒரு சனிக்கிழமை, முதல்நன்மை வகுப்பு முடிந்த பின்னர், இரண்டாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி தன் அம்மப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். தாத்தா பாட்டியர் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதி வரும்படி வகுப்பாசிரியர் வீட்டுவேலை கொடுத்திருந்தார். பெரியவர் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த பாடசாலை விடுகைப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். ஊரின் பெயருக்குப் பின்னால் “றோ.க.த.க. பாடசாலை” என்று இருந்தது. றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை.

“சுவாமி, நான் சொல்லிப் பார்த்தனான். கவுண்மேந்துப் பள்ளிக்கூடம் எண்டால் ஏன் எங்கட சமயத்தின்ர பேர் கிடக்கு எண்டு பிள்ளை கேக்கிறா. எனக்கும் வடிவாச் சொல்லத் தெரியேல்லை” என்றார் அவர்.

அன்று அச்சிறுமிக்கு இரண்டு வரியில் விடை கூறி அனுப்பினேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தீவுப்பகுதிகளிலும் அந்த எழுத்துகளைத் தாங்கிய பள்ளிகளில் அகரம் எழுதியவர்கள் இப்பங்கில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகளோ இன்று ரொறன்ரோ கத்தோலிக்க மாவட்டக் கல்விச் சபையின் தொடக்கப் பள்ளிகளில் கட்டணமின்றிப் படிக்கிறார்கள். இவ்விரு பள்ளிகளின் வரலாறும் ஒன்றையொன்று தொட்டுச் செல்வது. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1847ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அவ்வாண்டு நவம்பர் இறுதியில், அமலமரித் தியாகிகள் சபையின் முதற் குருக்கள், ஸ்தேவான் செமேரியா அடிகளின் தலைமையில் காலித் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களை அனுப்பியவர் மார்செய் நகரின் ஆயர் புனித யூஜின் தெ மசனோ. அதே ஆயர் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1841இல், தம் சபையினரைக் கனடாவின் மொன்றியலுக்கு அனுப்பியிருந்தார். அக்காலத்தில் பைற்றவுண் என வழங்கிய ஒட்டாவாவில் 1848இல் தொடங்கப்பட்ட கல்லூரியே பின்னர் ஒட்டாவாப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் 1850இல் கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலையாகத் தொடங்கிய நிறுவனமே இன்றைய புனித பத்திரிசியார் கல்லூரி. ஒரே துறவற சபையின் இரு கிளைகள், பனிப்பிரதேசத்திலும் பனைமரத்தடியிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தன.

ரொறன்ரோவில் அந்த 1847 மரணத்தின் ஆண்டு. ஐரிஷ் பஞ்சத்திலிருந்து தப்பி வந்த 38,000க்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 20,000 பேரே வாழ்ந்த இந்நகரில் ஒரே கோடைகாலத்தில் கப்பலிறங்கினர். அவர்களோடு நச்சுக்காய்ச்சலும் வந்தது. நோயாளரைச் சந்தித்துத் திருவருட்சாதனங்கள் வழங்கிய முதல் ஆயர் மைக்கேல் பவர் அக்காய்ச்சலாலேயே அக்டோபர் 1ஆம் நாள் இறந்தார். அவர் அழைத்திருந்த லொறெற்றோக் கன்னியர் வந்து சேர்ந்து இரண்டு கிழமைகளே ஆகியிருந்தன. ஆயரை இழந்த ஊரில் அவர்கள் வகுப்புகளை நடத்தினர். அகதியாக வந்தவர்களின் பிள்ளைகளுக்காகவே இந்நகரில் கத்தோலிக்கக் கல்வி வேர்கொண்டது என்பதை, அகதிகளாய் வந்த நாம் நினைவில் வைத்திருப்பது தகும்.

அடுத்த ஆயரான அர்மோன் தெ ஷார்பொனெல், அரசின் கல்வித் தலைவர் எகர்ட்டன் றையர்சனோடு பல்லாண்டு வழக்காடினார். கத்தோலிக்கர் தம் வரிப்பணத்தைத் தம் பள்ளிகளுக்கே செலுத்தலாமா என்பதே பூசல். 1863ஆம் ஆண்டின் ஸ்கொட் சட்டம் அவ்வுரிமையை உறுதி செய்தது. 1867இல் கனடாக் கூட்டாட்சி உருவானபோது, அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு, ஏற்கெனவே சட்டத்தால் பெற்ற சமயப் பள்ளி உரிமைகளைப் பறிக்கலாகாது என்று வேலியிட்டது. நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையின் அத்திவாரம் அந்தப் பிரிவுதான்.

இலங்கையில் அத்தகைய வேலி எழவில்லை. அங்கு எழுந்தது உடன்பாடு ஒன்று மட்டுமே. 1868 முதல் யாழ்ப்பாணத்தின் ஆயர்ப்பணி ஏற்ற கிறிஸ்தோப்பர் பொஞ்சோன் ஆண்டகை இவ்வரலாற்றின் பெருமனிதர். கோயம்புத்தூர்ப் பகுதியில் பணியாற்றி, பின்னர் ஈழத்துக்கு வந்து அமலமரித் தியாகிகளோடு இணைந்தவர். அவருடைய காலத்திற்கு முன் யாழ்ப்பாணக் கல்வியில் புரட்டஸ்தாந்து மிசனரிமாரின் கையே ஓங்கியிருந்தது. அமெரிக்க மிசனரிமார் 1816இலேயே வந்துவிட்டனர். அவர்களுடைய வட்டுக்கோட்டைச் செமினறி 1823இல் எழுந்தது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கியது 1848இல். பள்ளி யார் கையில் இருக்கிறதோ, அடுத்த தலைமுறை அவர் கையில் என்பதை மூன்று தரப்பாரும் நன்கு அறிந்திருந்தனர். ஒவ்வொரு சமயத்தவரும் தத்தம் பள்ளியை நடத்தலாம், பாடங்களில் மாணவர் காட்டும் தேர்ச்சியைப் பார்த்து அரசு நன்கொடை தரலாம் என்ற கொள்கைக்காகப் பொஞ்சோன் ஆண்டகை வாதாடினார். 1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் நிறுவப்பட்டபோது நன்கொடை முறை அந்த வழியிலேயே அமைந்தது.

கோவிலுக்கு அருகே ஓலைக்கொட்டில், அதில் ஒரு சட்டம்பியார், பங்குக் குருவே முகாமையாளர். இப்படித்தான் நம் ஊர்களின் தொடக்கப் பள்ளிகள் பிறந்தன. சில ஊர்களில் ஒரே ஒழுங்கையின் இரு முனைகளில் இரு சமயத்தாரின் பள்ளிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஒரு பிள்ளையைத் தம் பள்ளிக்கு இழுக்க நடந்த போட்டிகளை முதியோர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தப் போட்டியின் பயனாகவே ஏழைப் பிள்ளைக்கும் எழுத்தறிவு கிட்டியது என்பதும் உண்மை.

ஆயினும் நம் பள்ளிகளைப் பொற்காலமாக வரைந்து காட்ட எனக்கு மனம் வரவில்லை. பல பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டனர். சிலவற்றில் சேர்க்கப்படவே இல்லை. 1929இல் நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டுமென அரசு பணித்தபோது யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைகள் சில தீயிடவும் பட்டன. இது எல்லாச் சமயத்தாரையும் கறைப்படுத்திய வரலாறு. ஒரே திருப்பந்தியில் அமர்ந்தவர்கள் ஒரே வாங்கில் அமர மறுத்த நாட்களும் இருந்தன. அரசு பள்ளிகளை எடுத்துக்கொண்டபோது அதை வரவேற்றவர்கள் ஏன் வரவேற்றனர் என்பதை விளங்கிக்கொள்ள இதை மறைக்காமல் சொல்லவேண்டியுள்ளது.

இனி 1960. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இலேயே இலவசக் கல்வி வந்துவிட்டது. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தது. நிருவாகம் மட்டும் சமய நிறுவனங்களிடம் இருந்தது. மக்களின் பணத்தில் நடப்பதை மக்களின் அரசே நடத்தட்டும் என்ற குரல், சிறப்பாகப் பௌத்த அமைப்புகளிடமிருந்து, வலுத்தது. கத்தோலிக்கரின் தொகைக்கு மிஞ்சிய பள்ளிகள் அவர்களிடம் இருக்கின்றன என்ற மனக்குறையும் அதிலிருந்தது. 1960 ஜூலைத் தேர்தலில் வென்ற திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டிசம்பர் முதலாம் நாள் நிருவாகம் அரசின் கைக்கு மாறியது. தொடர்ந்து 1961இன் 8ஆம் இலக்கச் சட்டத்தால் கட்டடமும் காணியும்கூட அரசுடைமையாயின. இவ்வாறு எடுக்கப்பட்ட பள்ளிகள் 2,000க்கும் மேல். கத்தோலிக்கப் பள்ளிகள் மட்டுமல்ல, மெதடிஸ்த, அமெரிக்க மிசன், அங்கிலிக்கன், சைவப் பள்ளிகளும் அவற்றுள் அடங்கும்.

அச்சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருந்தது. சிறுமியின் கேள்விக்கு விடை அதில்தான் உள்ளது. முதலாம், இரண்டாம் தரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு ஒரு தெரிவு அளிக்கப்பட்டது. அரசு நன்கொடையும் வேண்டாம், மாணவரிடம் கட்டணமும் வாங்கமாட்டோம் என்று ஏற்றுக்கொண்டால் அவை தனியாராகவே தொடரலாம். புனித பத்திரிசியார் கல்லூரி போன்றவை அந்தக் கடினமான வழியைத் தெரிந்தன. பழைய மாணவரின் உதவியாலும் துறவியரின் உழைப்பாலும் பல ஆண்டுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. மூன்றாந்தரப் பாடசாலைகளுக்கு, அதாவது ஊர் தோறும் கோவிலடியில் இருந்த சிறிய பள்ளிகளுக்கு, அந்தத் தெரிவே இல்லை. அவற்றின் சார்பில் ஒருவரையும் கேட்கவுமில்லை. பெரிய கல்லூரிகளின் போராட்டமே நூல்களில் இடம்பெற்றது. சிறு பள்ளிகள் ஒரு காலையில் கைமாறின. பெயர்ப்பலகையில் மட்டும் பழைய எழுத்துகள் எஞ்சின.

எதிர்ப்பு இல்லாமல் இது நடக்கவில்லை. டிசம்பரில், சிறப்பாக மேற்குக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில், பெற்றோர் பாடசாலைகளுக்குள் குடியேறினர். தாய்மார் வகுப்பறைகளிலேயே படுத்தெழும்பினர். இரவும் பகலும் முறைவைத்துக் காவல் இருந்தனர். இரத்தம் சிந்தக்கூடும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. 1961 ஜனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிரேசியஸ் வந்து பிரதமரோடும் ஆயர்களோடும் பேசிய பின்னரே மக்கள் வெளியேறினர். உரிமை திரும்பவில்லை, உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. ஆயர்கள் அன்று எடுத்த முடிவு சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் கணிப்பில், அன்று வேறு வழி இருக்கவில்லை. அடுத்த மாதமே, பெப்ரவரி 20இல், யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் மொழியுரிமைக்கான சத்தியாக்கிரகம் தொடங்கியது. பள்ளியை இழந்த துயரம் அந்தப் பேரலையில் மறைந்துபோனது.

மாற்றத்தால் நன்மை விளையவில்லை என்று சொல்லமாட்டேன். அதுவரை வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் உரிமையோடு உள்ளே வந்தனர். நாம் தாமாகத் திறந்திருக்க வேண்டிய கதவை அரசு திறந்தது.

1983க்குப் பின் நம்மவர் கனடாவுக்குத் திரண்டு வந்தனர். அப்போது இங்கே நடந்தது நம் ஊரில் நடந்ததற்கு நேர்மாறானது. அதுவரை ஒன்ராறியோவில் 10ஆம் வகுப்புக்கு மேல் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு முழு அரச நிதி கிடையாது. பெற்றோர் கட்டணம் செலுத்தினர். 1984 ஜூன் 12ஆம் நாள் முதல்வர் வில்லியம் டேவிஸ் முழு நிதியையும் அறிவித்தார். 1987இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஐரிஷ் ஏழைகள் விதைத்து, நூற்றிருபது ஆண்டுகள் மற்றவர்கள் களை பறித்த வயலில், அறுவடைக் காலத்தில் வந்திறங்கியவர்கள் நாம்.

இந்த வேலியும் இரும்பாலானதன்று. 1986 ஆகஸ்டில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தபோது மீனவர் கரைசேர்த்த நியூபவுண்ட்லாந்தை நாம் மறக்கமாட்டோம். அன்று அம்மாகாணத்தின் பள்ளிகள் யாவும் திருச்சபைகளிடமே இருந்தன. 1997இல் நடந்த மக்கள் தீர்ப்புக்குப் பின் அம்முறை முடிவுற்றது. கியூபெக்கிலும் அவ்வாண்டே அரசியலமைப்புத் திருத்தத்தால் அப்பாதுகாப்பு நீங்கியது. ஒரு சமயத்துக்கு மட்டும் நிதி வழங்குவது பாகுபாடு என்று 1999இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவும் ஒன்ராறியோவைப் பற்றிக் கூறியது. நம் சைவ அயலவர் இதைக் கேட்டால் என்ன விடை கூறுவோம்? ஊரில் அவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படித்தார்கள். இங்கே அவர்களும் வரி செலுத்துகிறார்கள். ஆனால் நம் தொடக்கப் பள்ளியில் சேர ஞானஸ்நானப் பத்திரம் கேட்கப்படுகிறது. இக்கேள்வியை நான் எளிதாகக் கடந்துவிட இயலாதவனாக இருக்கிறேன்.

2025 ஜூன் இறுதியில் ஒன்ராறியோ அரசு, நிதி நிருவாகத்தைக் காரணங்காட்டி, நமது கல்விச் சபை உள்ளிட்ட சில சபைகளுக்கு மேற்பார்வையாளர்களை நியமித்தது. நாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் சென்றது. சிலர் என்னிடம் “1960 திரும்பவும் வருகுதோ, பாதர்?” என்று கேட்டனர். இரண்டும் ஒன்றல்ல. இங்கே பள்ளியின் கத்தோலிக்கத் தன்மைக்கு அரசியலமைப்புக் காப்பு இருக்கிறது. கத்தோலிக்கம் அல்லாத சபைகளுக்கும் இதே நடவடிக்கை எடுக்கப்பட்டது. எனினும் என்னை வருத்தியது வேறொன்று. அக்கேள்வியைக் கேட்டவர்களிடம், உங்கள் பகுதியின் கல்விச் சபை உறுப்பினர் யார் என்று திருப்பிக் கேட்டேன். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தேர்தல் பட்டியலில் கத்தோலிக்கப் பள்ளி ஆதரவாளராகப் பதிந்திருக்கிறார்களா என்பதும் தெரியவில்லை. நாமாக அறிவித்தாலன்றி, பொதுப் பள்ளி ஆதரவாளர் என்றே சட்டம் நம்மைக் கணக்கிடும். கத்தோலிக்க உறுப்பினருக்கு வாக்களிக்கவும் இயலாது. வாடகை வீட்டில் இருப்போரும் பதியலாம். வரும் இரண்டு ஞாயிறுகளில் திருப்பலிக்குப் பின் மண்டபத்தில் அதற்குரிய படிவங்கள் இருக்கும். நிரப்ப இளைஞர் உதவுவார்கள்.

மற்றொரு வேண்டுகோள். 1960 டிசம்பரில் பள்ளிக்கூடத்துக்குள் தங்கியிருந்த தாய்மாரும் அவர்களோடு தூங்கிய பிள்ளைகளும் நம்மிடையே சிலர் இருக்கக்கூடும். பழைய விடுகைப் பத்திரம், வகுப்புப் படம், தேர்ச்சி அறிக்கை எதுவாயினும் கொண்டுவாருங்கள். படியெடுத்து உடனே திருப்பித் தருவேன். அந்தப் பெரியவருடைய பத்திரத்தின் படி ஏற்கெனவே என் மேசையில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் அவருடைய பேத்தி வீட்டுவேலைக்காகத் தன் கையெழுத்தில் “றோ.க.” என்று எழுதிப் பார்த்திருக்கிறாள், “றோ” மட்டும் கொஞ்சம் கோணல்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை