தாயாதி

மறைந்து வளரும் வாரிசு, அரியணைப் போட்டி என்று விரியும் புனைகதைகள் எல்லாவற்றையும் தாங்கும் தமிழ்ச்சொல் ‘தாயாதி’. ‘தாய’ என்ற வடசொல்லுக்குப் பங்கு, மரபுச் சொத்து என்று பொருள். அதைப் பெறுபவன் ‘தாயாத’. அதுவே நம் நாவில் தாயாதி ஆயிற்று. ‘தாய்’ என்பதே வேர் என்பாரும் உண்டு. ஆனால் நாம் தாயாதி என்பது தந்தைவழிப் பங்காளியை அல்லவா? தாய்வழி உறவை அச்சொல் தொடுவதே இல்லை. அதனால் அந்த விளக்கம் நிற்காது. கண்டராதித்தரின் மகன் உத்தம சோழனும், அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழனும் இப்பொருளில் சரியான தாயாதிகள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அவர்கள் குடும்பத்து உரிமைச் சிக்கலில்தான் வேரூன்றியிருக்கிறது.

மறைந்து வளர்ந்த வாரிசு தந்தையையே எதிர்க்கும் கதையும் இச்சொல்லுக்குள் அடங்கும். கோலார் தங்கவயல் இருக்கும் மாவட்டத்தில், முல்பாகல் பக்கம் ஆவனி மலை உள்ளது. வால்மீகியின் ஆசிரமம் அங்கே இருந்தது, சீதை லவகுசரைப் பெற்றதும் அங்கேதான், தந்தை என்று அறியாமல் பிள்ளைகள் இராமனை எதிர்த்ததும் அங்கேதான் என்பது அவ்வட்டார நம்பிக்கை. பெற்ற மகன் எப்படித் தாயாதி ஆவான் என்று கேட்கலாம். வடமொழியில் அச்சொல் மகனையும் குறிக்கும். பங்காளி என்று பொருள் சுருங்கியது தமிழ் வழக்கில். ஆவனிக் கதை பழைய, அகன்ற பொருளுக்கே பொருந்துகிறது. உரிமையாளனும் எதிராளியும் அங்கே ஒரே ஆள்.