எகிப்தில் நான் திருத்திக்கொண்ட ஒரு பாடம்



எகிப்து போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. படங்களைப் போட்டதும் நிறைய பேர் "எழுதுங்க டீச்சர்" என்று கேட்டீர்கள். "இந்த முழங்காலை வச்சுக்கிட்டு எப்படி சித்தி அத்தனை படி இறங்கினீங்க?" என்று அக்கா மகள் கேட்டாள். எல்லாவற்றையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். என் வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை படியுங்கள், ஏனென்றால் இதில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

கூட்டத்தோடு பஸ்ஸில் போகிற டூர் எனக்கு ஒத்துவராது. கொடி பிடித்து முன்னால் ஓடுகிறவர் பின்னால் என்னால் ஓட முடியாது. அதனால் மகள் எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு காரும், உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டியும் ஏற்பாடு செய்திருந்தாள். தொல்லியல் படித்த இளைஞர். நின்ற இடத்தில் நிற்கலாம், உட்கார்ந்த இடத்தில் உட்காரலாம், எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். தனி வழிகாட்டியின் பெரிய லாபம் அதுதான்.

முதல் நாள் கீசா. கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு முன்னால் நின்றோம். கி.மு. 2560 வாக்கில் கட்டியது. கட்டி முடித்தபோது சுமார் 146 மீட்டர் உயரம். உச்சிக் கற்கள் போய் இப்போது 138 மீட்டர் சொச்சம். சுமார் 23 லட்சம் கற்கள் என்று கணக்கிடுகிறார்கள். பெரிதாக இருக்கும் என்று தெரிந்துதான் போனேன், ஆனாலும் அடிவரிசையில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நின்றபோது அது என் தோள் உயரம் இருந்தது. அதற்குப் பிறகுதான் 23 லட்சம் என்ற எண்ணுக்கு அர்த்தம் வந்தது.

பல வருஷம் இதைப் பாடம் நடத்தியவள் இல்லையா, நானே முந்திக்கொண்டு வழிகாட்டியிடம் சொன்னேன்: "எனக்குத் தெரியும் தம்பி. ஒரு லட்சம் அடிமைகளைச் சாட்டையால் அடித்துக் கட்டியது."

அவர் சிரிக்கவில்லை. மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். "அது எங்கே எழுதியிருக்கிறது மேடம்?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு லட்சம் என்ற எண் கிரேக்க நாட்டு ஹெரோடோட்டஸ் எழுதியது. அவர் எகிப்து வந்ததே பிரமிடு கட்டி ஏறத்தாழ 2,100 வருஷம் கழித்து. அவரும் எகிப்து மக்களை மன்னன் முறைவைத்து வேலை வாங்கினான் என்றுதான் எழுதினாரே தவிர, அடிமைகள் என்று சொல்லவில்லை. அப்படியானால் சாட்டை எங்கிருந்து வந்தது? சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் பார்த்த 'பத்துக் கட்டளைகள்' படத்திலிருந்து வந்தது. அந்தப் படத்திலும் அவர்கள் கட்டுவது பிரமிடு இல்லை, நகரம். சினிமாவில் பார்த்ததை நான் சரித்திரம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வழிகாட்டி எங்களைத் தெற்கே கூட்டிப்போய் ஸ்பிங்ஸ் சிலையைத் தாண்டி ஒரு மணல் சரிவைக் காட்டினார். 1990இல் அங்கே ஒரு குதிரை நடந்து போனபோது காலில் ஏதோ தட்டித் தடுமாறியது. பார்த்தால் மண்செங்கல் சுவர். தோண்டத் தோண்டக் கல்லறைகள். பிரமிடு கட்டிய தொழிலாளிகளும் அவர்களுடைய மேற்பார்வையாளர்களும் புதைக்கப்பட்ட இடம். எகிப்து அறிஞர் ஸாஹி ஹவாஸ் அவற்றை ஆராய்ந்தார். பக்கத்திலேயே அவர்கள் தங்கியிருந்த குடியிருப்பை அமெரிக்க அறிஞர் மார்க் லேனர் தோண்டி எடுத்தார். ரொட்டி சுடும் அடுப்படிகள், தங்கும் கூடங்கள், மலைமலையாக மாட்டெலும்பும் ஆட்டெலும்பும். நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

சாட்டையடி வாங்கிச் செத்த அடிமையை, மன்னனின் பிரமிடு நிழலில், மறுமைக்கு ரொட்டியும் பீர்ச் சாடியும் வைத்து யார் புதைப்பார்கள்? எலும்புகள் இன்னொன்றும் சொல்கின்றன. முறிந்த கை ஒழுங்காகக் கட்டப்பட்டுக் கூடியிருக்கிறது. கால் எடுக்கப்பட்ட ஒருவர் அதன்பிறகும் பல வருஷம் வாழ்ந்திருக்கிறார். வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

அதற்காக எல்லோரும் சந்தோஷமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு கட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே எலும்புகளில் முதுகுத்தண்டு தேய்ந்து போயிருக்கிறது. கொஞ்சம் பேர் நிரந்தரக் கைவினைஞர்கள். மற்றவர்கள் ஊர் ஊராக முறைவைத்து வரவழைக்கப்பட்டவர்கள். மன்னன் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. ஏரி மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று நம் பக்கத்தில் இருந்த கட்டாயம் போல ஒன்று. கடினமான உழைப்பு, கட்டாய உழைப்பு. ஆனால் அவர்கள் சந்தையில் வாங்கிய அடிமைகள் அல்லர். ஊரும் பேரும் உள்ள மனிதர்கள். தங்கள் குழுக்களுக்கு 'கூஃபுவின் நண்பர்கள்' என்பது மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு, அதைக் கற்களில் சிவப்பு மையால் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவருடைய நாட்குறிப்பே கிடைத்திருக்கிறது. 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு அறிஞர் பியர் தாலே குழுவினர் சில பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தார்கள். மெரெர் என்ற மேற்பார்வையாளர் எழுதியது. சுமார் நாற்பது பேரை வைத்துக்கொண்டு துரா என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, படகில் நைல் வழியாகக் கீசாவுக்குக் கொண்டுவந்த கணக்கு. எந்த நாள் கிளம்பினோம், எங்கே இரவு தங்கினோம், எப்போது சேர்ந்தோம் என்று வரிசையாக இருக்கிறது. நம் ஊர் லாரி ஷெட்டில் வைத்திருக்கும் டிரிப் ஷீட் போலத்தான். பெரிய பிரமிடுக்குக் கல் கொண்டுவந்தவரே எழுதிய கணக்கு இது.

கிளம்பும்போது வழிகாட்டி இன்னொன்று சொன்னார். பிரமிடின் அடிப்பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 230 மீட்டர். அத்தனை பெரிய அடித்தளத்தில் மேடுபள்ளம் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான்.

தொண்ணூறுகளில் நம் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இருந்தவன். பெயர் போடவில்லை. கூடப் படித்தவர்களுக்குத் தெரியும். அப்பா கொத்தனார். இவன் வாரத்தில் ஒரு நாளாவது அப்பாவுடன் சித்தாள் வேலைக்குப் போய்விடுவான். நான் பிரமிடு பாடம் நடத்தி, அடிமை, சாட்டை என்று கையை ஓங்கிக் காட்டியபோது எழுந்து நின்றான். "அடிச்சு வேலை வாங்குனா கல்லு மட்டத்துல நிக்குமா டீச்சர்? எங்கப்பா ரசமட்டம் வச்சுப் பாக்கும்போது யாராச்சும் சத்தம் போட்டாலே வேலைய நிறுத்திருவாரு" என்றான்.

வகுப்பே சிரித்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலைக்குப் போற நாள்ல ஸ்கூலுக்கு வந்தா இந்தக் கேள்வியெல்லாம் வராது, உட்காரு." உட்கார்ந்தான். அதன்பிறகு அவன் என் வகுப்பில் எழுந்து நின்று எதுவும் கேட்டதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான்.

பிறகு விமானத்தில் லக்சர் போனோம். நைலின் மேற்குக் கரையில் மன்னர்களின் பள்ளத்தாக்கு. இங்கே காலம் மாறுவதைக் கவனியுங்கள். கீசாவிலிருந்து சுமார் 1,300 வருஷம் தள்ளி வந்துவிட்டோம். மன்னர்கள் பிரமிடு கட்டுவதை விட்டு, மலைக்குள் குடைந்து கல்லறை அமைத்த காலம். கல்லறைக்குள் வழிகாட்டிகள் விளக்கம் சொல்லக் கூடாது என்பதால், அந்தத் தம்பி வாசலிலேயே படங்களைக் காட்டிப் பாடம் நடத்தி எங்களை உள்ளே அனுப்பினார். உள்ளே நேற்றுப் பூசியது போன்ற வண்ணங்கள்.

ஆனால் என் மனதில் நின்றது அந்தப் பள்ளத்தாக்கு இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தெய்ர் எல்-மெதினா. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளிகளின் கிராமம். சுற்றுச்சுவருக்குள் சுமார் எழுபது வீடுகள், நடுவே ஒரு குறுகலான தெரு. இப்போது இடுப்பளவுச் சுவர்கள்தான் மிச்சம். ஒரு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். அவர்களுக்குப் பத்து நாள் ஒரு வாரம். எட்டு நாள் மலையில் வேலை, இரண்டு நாள் வீட்டில். சம்பளம் தானியம். ஆளுக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமையும் ஒன்றரை மூட்டை பார்லியும்.

மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் அந்தத் தானியம் வரவில்லை. கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. நாள்கள் ஓடின. ஒரு நாள் எல்லோரும் கருவிகளைப் போட்டுவிட்டுக் காவல் சாவடிகளைத் தாண்டி வந்து, ஒரு கோவிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது, மன்னனுக்குச் சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை. எழுத்தர் அமென்நக்த் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஏடு இன்று இத்தாலியில் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள். தானியம் கொடுத்தார்கள். பிறகு மறுபடி தாமதமானது, மறுபடி உட்கார்ந்தார்கள். சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வழிகாட்டி தன் கைபேசியில் ஒரு படம் காட்டினார். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் பலகை. இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.மு. 1250. "மேடம், நீங்கள் டீச்சர்தானே, இது என்னவென்று சொல்லுங்கள்" என்றார். வரிசையாகப் பெயர்கள், எதிரே தேதிகள், தேதிக்கு மேல் சிவப்பு மையில் சின்ன எழுத்துகள்.

வருகைப் பதிவேடு! சரியாகச் சொன்னால், வராதவர்களின் பதிவேடு. நாற்பது பேர், 280 நாள்களின் கணக்கு. சிவப்பு மையில் இருப்பது, வராததற்கான காரணம். சேபாவைத் தேள் கொட்டிவிட்டது. பெந்துவா நண்பனோடு பீர் குடிக்கப் போய்விட்டார். ஒருவருக்குக் கண்வலி. ஒருவர் வீடு கட்டுகிறார். ஒருவர் இறந்துபோன தாயின் உடலைத் துணி சுற்றித் தயார் செய்துகொண்டிருந்தார். வீட்டுப் பெண்களின் மாதவிலக்குகூடக் காரணமாக எழுதப்பட்டிருக்கிறது.

எத்தனை ஆயிரம் காலை நேரங்களில் நான் வருகைப் பதிவேடு எடுத்திருப்பேன்! வராதவனுக்கு ஓர் ஆப்சென்ட் குறி, அவ்வளவுதான். அந்தப் பையனின் பெயருக்கு எதிரே எத்தனை குறி போட்டேனோ தெரியாது. ஒரு நாள்கூடக் காரணம் எழுதியதில்லை. கேட்டதும் இல்லை. அந்த எழுத்தர் 3,200 வருஷத்துக்கு முன்னால் கேட்டு எழுதியிருக்கிறார்.

கடைசியாக சென்னெஜெம் என்பவரின் கல்லறை. அந்தக் கிராமத்துத் தொழிலாளிகளில் ஒருவர். செங்குத்தான படி, குனிந்துதான் போக வேண்டும். அக்கா மகளே, உன் கேள்விக்குப் பதில்: உட்கார்ந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் இறங்கினேன். உள்ளே சின்ன அறை. மஞ்சள் பின்னணியில் சுவரெல்லாம் ஓவியம். சென்னெஜெமும் அவர் மனைவி ஈநெஃபெர்த்தியும் மறுமை வயலில் வெள்ளை உடை உடுத்தி உழுகிறார்கள், அறுக்கிறார்கள். மன்னனுக்குக் கல்லறை செய்தவர் தன் வீட்டுக்காரியையும் மறக்காமல் தனக்கும் ஒன்று செய்துகொண்டார்.

மேலே வந்து மூச்சு வாங்கும்போது அந்தத் தம்பி சொன்னார். 1886இல் இந்தக் கல்லறை கொள்ளை போகாமல் முழுசாகக் கிடைத்தபோது உள்ளே சில மரக் கருவிகளும் இருந்தன. அவை கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. படத்தைக் காட்டினார். ஒரு மூலைமட்டம். கயிற்றில் குண்டு தொங்கும் ஒரு சட்டம். இரண்டு கால் விரித்து நடுவில் குண்டு தொங்கும் இன்னொரு சட்டம், தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. நம் கொத்தனார் பையில் இருக்கும் தூக்குக்குண்டும் மட்டப்பலகையும்தான். தன்னோடு புதைக்கும் அளவுக்கு அவருக்கு அவை முக்கியமாக இருந்திருக்கின்றன. அடிக்குப் பயந்து வேலை செய்தவன் மட்டப்பலகையை மறுமைக்கு எடுத்துப் போகமாட்டான்.

தம்பி, ஏழாம் வகுப்பில் நீ கேட்டது சரியான கேள்வி. உலகத்துத் தொல்லியல் அறிஞர்கள் எலும்பையும் ஏட்டையும் வைத்துச் சொல்வதை, நீ உன் அப்பாவின் ரசமட்டத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாய். பதில் தெரியாத நான் உன்னை உட்கார வைத்தேன். அது என் தவறு. இந்தப் பதிவு உன்னிடம் வந்து சேருமா என்று தெரியவில்லை. உன்னோடு படித்தவர்கள் யாராவது இதைக் காட்டுங்கள்.

மற்ற மாணவர்களுக்கு: "பிரமிடு அடிமைகள் கட்டியது" என்று உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லியிருந்தால், அது என்னிடமிருந்து வந்ததுதான். திருத்திக்கொள்ளுங்கள். உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வராத பிள்ளையை அடுத்த நாள் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள்.

தம்பி, இப்போது நீயே மேஸ்திரி என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவர் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு வருகிறது. மட்டம் பார்க்க வா. கூலி பேசிக்கொள்ளலாம். எந்த மாதமும் தாமதமாகாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்