அரிவாட்கல நோயும் மக்கள் இயக்கமும்

அரிவாள் என்றதும் வயலும் கதிரும் உழைப்பவன் கையுமே நம் நினைவுக்கு வருவன. ஆயின், அப்பெயரைத் தாங்கி மனிதரின் குருதிக்குள்ளேயே குடிகொண்டுள்ள நோயொன்றும் உண்டு. அரிவாட்கலக் குருதிச்சோகை என்பது அதன் பெயர். மருத்துவ நூல்கள் இந்நோயின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகக் கூறும். அக்கண்டுபிடிப்புகள் மகத்தானவையே. எனினும், ஆய்வுகூடத்தில் பிறந்த அறிவு மக்களின் வாசலை அடைய எத்தனை காலம் சென்றது, அதனை அங்கே கொண்டு சேர்த்தவர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை காணாதவரை அவ்வரலாறு முழுமை பெறாது.

1904ஆம் ஆண்டின் இறுதியில், கரிபியன் தீவாகிய கிரனடாவிலிருந்து சிக்காகோ நகருக்குப் பல் வைத்தியம் பயிலச் சென்ற வோல்டர் கிளெமென்ட் நோயல் என்ற கறுப்பின இளைஞர் நோயுற்று வைத்தியசாலையை அடைந்தார். அவருடைய குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கிய இளம் வைத்தியர் ஏர்னஸ்ட் அயன்ஸ், வட்டமாயிருக்க வேண்டிய செங்குழியங்கள் சில அரிவாள்போல் வளைந்திருக்கக் கண்டார். மூத்த வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் இதனைக் கட்டுரையாக வெளியிட்டுப் புகழ் பெற்றார். அக்கட்டுரையில் நோயாளியின் பெயர் இல்லை. நோயல் தம் படிப்பை முடித்துத் தாயகம் திரும்பினார். பல் வைத்தியராகப் பணியாற்றினார். 1916இல், தமது 32ஆம் வயதில் மறைந்தார்.

இந்நோயின் காரணத்தை விஞ்ஞானம் படிப்படியாகவே கண்டறிந்தது. 1949இல் லைனஸ் போலிங்கும் அவருடைய குழுவினரும் நோயின் வேர் ஈமோகுளோபின் என்னும் புரதத்திலேயே உள்ளதெனக் காட்டி, இதனை ‘மூலக்கூற்று நோய்’ என வர்ணித்தனர். 146 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியொன்றில், ஆறாவது இடத்தில் நிற்கும் ஒன்று மாறியிருப்பதே முழுக் காரணம் என்பதை 1957இல் வேர்னன் இங்கிராம் நிறுவினார். இச்சிறு மாற்றத்தால், ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிச் செங்குழியத்தை வளைக்கின்றது. வளைந்து விறைத்த குழியங்கள் நுண்ணிய குருதிக் குழாய்களை அடைக்கின்றன. அதன் விளைவே நோயாளியை வாட்டும் கொடிய வலி.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இப்பரம்பரையலகைப் பெற்றவர் காவி எனப்படுவார். அவர் நோயாளி அல்லர். காவிகளாகிய இருவர் மணம் புரிந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. இவ்வேறுபாட்டை நாம் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்த அநீதிகள் பல இதனை மறந்தமையால் விளைந்தவையே.

தீங்கு தரும் இவ்வலகு தலைமுறை தலைமுறையாக நிலைத்தது ஏன்? காவிகளுக்கு மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கின்றது என்பதைக் கிழக்கு ஆபிரிக்காவில் ஆராய்ந்த அந்தனி அலிசன் 1954இல் எடுத்துக்காட்டினார். ஆகவே இது தோலின் நிறத்தோடு பிறந்ததன்று. நுளம்பு பெருகிய நிலங்களின் வரலாற்றோடு பிறந்தது. கிரேக்கத்திலும் அராபியாவிலும் இந்தியாவிலும் இது காணப்படுவதே இதற்குச் சான்று. தமிழ்நாட்டின் நீலகிரியில் வாழும் பழங்குடி மக்களிடையே இவ்வலகு உண்டென்பது 1952இலேயே வெளியாயிற்று. ஆயினும் அமெரிக்க மருத்துவ உலகம் இதனை நெடுங்காலம் ‘கறுப்பர் நோய்’ என்றே முத்திரை குத்தியது. அடிமைக் கப்பல்களில் மனிதரை ஏற்றிச் சென்ற சமுதாயம், அம்மனிதரின் குருதியையே குறைபாடுள்ளதாகக் காட்டிக் கொண்டது.

முத்திரை குத்துவதில் இருந்த வேகம் சிகிச்சையில் இருக்கவில்லை. 1970இல் ரொபேர்ட் ஸ்கொட் என்ற வைத்தியர் வெளியிட்ட கணக்கு இதனை அம்பலப்படுத்தியது. 1967இல் அமெரிக்காவில் இந்நோயுடன் பிறந்தோர் ஏறத்தாழ 1,155 பேர். தசைநலிவு நோய்க்கு ஆளானோர் 813 பேர். ஆனால் தொண்டு நிறுவனங்கள் தசைநலிவுக்குத் திரட்டிய நிதி 79 இலட்சம் டொலர். அரிவாட்கல நோய்க்கோ ஓர் இலட்சம் டொலரும் இல்லை.

இந்த மௌனத்தை உடைத்தவர்களுள் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் முன்னணியில் நின்றனர். 1966இல் ஓக்லந்து நகரில் தோன்றிய இவ்வியக்கத்தை அரசு துப்பாக்கி ஏந்திய கும்பலாகவே சித்திரித்தது. அவர்களோ ஏழைச் சிறுவருக்குக் காலையுணவு அளித்தனர். இலவச வைத்திய நிலையங்களை நடத்தினர். 1971 முதல் தம் பத்திரிகையில் இந்நோயை விளக்கி எழுதினர். வீடுவீடாகச் சென்று விரல் நுனியிற் குருதி எடுத்துப் பரிசோதித்தனர். 1972 மார்ச்சில் ஓக்லந்தில் அவர்கள் கூட்டிய மாநாட்டில், உணவுப் பொதி பெற வந்த ஆயிரக்கணக்கானோருக்குப் பரிசோதனையும் நடைபெற்றது. வைத்தியரின் தனியுடைமையாயிருந்த அறிவு தெருவுக்கு வந்தது.

அரசும் அசைய நேர்ந்தது. 1972 மே மாதத்தில் ஜனாதிபதி நிக்சன் இந்நோய்க்கான தேசியச் சட்டத்தில் ஒப்பமிட்டார். ஆனால் மக்கள் கேட்டது ஒன்று. பல மாநிலங்கள் கொடுத்தது இன்னொன்று. ஆலோசனையோ சிகிச்சையோ இன்றிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் மணம் புரிவோருக்கும் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. அவசரமாகச் செய்த எளிய பரிசோதனையோ காவியையும் நோயாளியையும் வேறுபடுத்திக் காட்ட வல்லதன்று. நலமாயிருந்த காவிகள் தொழிலை இழந்தனர், காப்புறுதி மறுக்கப்பட்டனர். அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை அவர்களைச் சேர்க்க மறுத்தது. விழிப்புணர்வு என்ற பெயரிலேயே ஒதுக்கல் நிகழ்ந்தது.

எனினும் அவ்வெழுச்சி வீண்போகவில்லை. அது திறந்த நிதியும் ஆய்வும் பயன் தந்தன. நோயுள்ள குழந்தைகளுக்கு நாள்தோறும் பெனிசிலின் கொடுத்தால் உயிர்கொல்லும் கிருமித்தொற்றைப் பெரிதும் தடுக்கலாம் என்பது 1986இல் உறுதியாயிற்று. மலிவான இம்மருந்தைக் கொடுக்க, குழந்தை பிறந்தவுடனேயே பரிசோதித்தல் வேண்டும். எனவே பரிசோதனைக்கு இப்போது ஒரு நேர்மையான நோக்கம் கிடைத்தது. 2023 டிசம்பரில் பரம்பரையலகையே திருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது. அதன் விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். இந்நோயாளர் மிகுதியாகப் பிறக்கும் ஆபிரிக்கக் கிராமங்களை அவ்விலை எவ்வாறு சென்றடையும்?

2023 ஜூலையில் இந்திய அரசு, பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நீலகிரி மக்களின் குருதியை விஞ்ஞானம் அறிந்து 71 ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த முயற்சி இது. அதனை நாம் வரவேற்கின்றோம். ஆனால் பரிசோதனை முடிவைத் தாங்கிய அட்டை, ஒரு பெண்ணின் திருமணத்தைத் தடுக்கும் சீட்டாகவும் மாறலாம். அவள் பிள்ளையைக் காக்கும் கருவியாகவும் அமையலாம். எதுவாக அமையும் என்பதை ஆய்வுகூடம் தீர்மானிப்பதில்லை. காவி வேறு, நோயாளி வேறு என்பதை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியரும், அதனை வீட்டில் எடுத்துரைக்கும் மாணவரும், மருந்தை உரிமையாகக் கேட்கும் மக்களுமே தீர்மானிப்பர். நோயை அறிவது தொடக்கம் மட்டுமே. அவ்வறிவு யார் கையில் இருக்கின்றது என்பதே நம் முன்னுள்ள வினா.