புரோநோட்டும் வராத பிரதிவாதியும்: சிறுவழக்கு நீதிமன்றக் கடன் வழக்குகளின் நடைமுறை நியாயம்

முன்னுரை

தமிழகக் கிராமக் கடனின் வரலாறு பெரும்பாலும் வட்டி விகிதத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்னும் சொற்கள் ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்த அளவுக்கு, கடன் கொடுத்தவர் நீதிமன்றப் படியேறிய பின் நிகழ்வது என்ன என்னும் வினா ஈர்க்கவில்லை. வட்டியின் அநீதியைச் சட்டமன்றம் பலமுறை திருத்த முயன்றது. வழக்கு நடைமுறையின் அநீதியோ அவ்வாறு கவனிக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

இவ்வினாவை நத்தம் போன்ற ஒரு வட்டாரத்திலிருந்து பார்ப்பது பயனுடையது. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நத்தம், கரந்தமலைக்கும் சிறுமலைக்கும் அண்மையில் அமைந்த மானாவாரிப் பகுதி. மாவும் புளியும் ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டுமே பணம் தருபவை. ஆயத்தச் சட்டைத் தொழிலோ தீபாவளியையும் பொங்கலையும் நம்பி இருப்பது. வருவாய் பருவத்துக்கு ஒருமுறை வருகிறது, செலவு நாள்தோறும் நேர்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவது ஈடில்லாத சிறுகடன். அதன் ஆவணம் புரோநோட்டு.

மூன்றாண்டுக் கெடு

வட்டி விகிதத்திற்குச் சட்டம் விதித்திருந்த வரம்பை 1855ஆம் ஆண்டின் வட்டிச் சட்டங்கள் நீக்கச் சட்டம் அகற்றியது. ஒப்பந்தத்தில் எழுதிய வட்டியை அப்படியே தீர்ப்பாக வழங்குவது நீதிமன்றத்தின் கடமையாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1859ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம், பதிவு செய்யப்படாத கடன் பத்திரங்களின் மீது வழக்கிட மூன்றாண்டுக் கெடுவை விதித்தது. பழைய கடன் கடனாளியைத் தலைமுறைதோறும் துரத்தலாகாது என்னும் நோக்கில் இது பாதுகாப்பாகவே தோன்றுகிறது. நடைமுறையில் விளைவு வேறாயிற்று. கெடு முடியும் முன் வழக்கிடு அல்லது புது நோட்டு எழுதி வாங்கு என்பதே கடன் கொடுத்தவருக்கு இச்சட்டம் கற்றுத் தந்த பாடம். புது நோட்டில் பழைய வட்டி அசலோடு சேர்ந்து புதிய அசலாகிவிடும். இரண்டு மூன்று முறை இவ்வாறு புதுப்பித்தபின், முதலில் கைமாறிய பணம் எவ்வளவு என்பதை நோட்டைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இந்நிலையை உறுதிப்படுத்தியது. நோட்டு உண்மையான கைம்மாறுக்கே எழுதப்பட்டது என நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 118ஆம் பிரிவு. முத்திரையிட்ட வெற்றுத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்தவர், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்தவராகிறார் என்கிறது 20ஆம் பிரிவு. வணிகரிடையே கைமாறும் உண்டியலுக்குப் பொருத்தமான இந்த அனுமானங்கள், கையொப்பமிட மட்டுமே கற்ற உழவரின் நோட்டுக்கும் மாற்றமின்றிப் பொருந்தின. உண்மையை மறுத்து நிறுவும் சுமை அவர்மீது விழுந்தது. அதை நிறைவேற்ற அவர் முதலில் நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும்.

விரைவு யாருக்கு

சென்னை நகருக்கு 1850 முதலே சிறுவழக்கு நீதிமன்றம் உண்டு. மாவட்டங்களில் முனிசீபுகளுக்கும் சார்பு நீதிபதிகளுக்கும் சிறுவழக்கு அதிகாரம் அளிக்க 1873ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டம் வழி செய்தது. 1887ஆம் ஆண்டின் மாகாணச் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டம் நடைமுறையை வகுத்தது. நிலவுரிமை, அடைமானம் முதலிய வழக்குகள் அதன் இரண்டாம் அட்டவணையால் விலக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் எளிய பணக்கடன் வழக்குகள் முதன்மையான இடம் பெற்றன.

இந்நீதிமன்றங்களின் பெருமையாகச் சொல்லப்பட்டவை விரைவும் சிக்கனமும். அவை எவ்வாறு பெறப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கமான உரிமையியல் தீர்ப்பு, வழக்கின் சுருக்கத்தையும் எழுவினாக்களையும் முடிவையும் காரணங்களையும் கொண்டிருக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் கட்டளை, 4ஆம் விதிப்படி, சிறுவழக்குத் தீர்ப்புக்கு எழுவினாவும் முடிவும் போதும், காரணம் தேவையில்லை. மேல்முறையீடும் கிடையாது. 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்தில் சீராய்வுக்கு மட்டுமே இடம் தருகிறது. காரணம் எழுதப்படாத தீர்ப்பைச் சீராய்வு செய்வது எளிதன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றினும் கடுமையானது 17ஆம் பிரிவின் வரம்புரை. பிரதிவாதி வராத நிலையில் ஒருதலைப்பட்சமாக வழங்கப்பட்ட தீர்ப்பாணையை நீக்கக் கோருபவர், தீர்ப்புத் தொகையைச் செலுத்தவேண்டும், அல்லது முன்னதாக மனுச் செய்து நீதிமன்றம் பணிக்கும் பிணையைத் தரவேண்டும். வழக்கமான நீதிமன்றத்தில் 9ஆம் கட்டளை, 13ஆம் விதி இதை நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்டிருக்கிறது. அழைப்பாணை முறையாகச் சார்பு செய்யப்படவில்லை என்றோ, வராமைக்குப் போதிய காரணம் இருந்தது என்றோ மெய்ப்பித்தால் போதும். சிறுவழக்கிலோ அவ்வாறு மெய்ப்பிக்க வாய்ப்புக் கிடைக்கும் முன்பே பணத்தைக் கட்டியாக வேண்டும். இவ்வரம்புரை கட்டாயமானது என்பதை உச்ச நீதிமன்றம் 2002இல் கேதார்நாத் எதிர் மோகன்லால் கேசர்வாரி வழக்கில் உறுதி செய்தது. சட்டச் சொற்களை நோக்க அம்முடிவு சரியே. குறை சட்டத்தினுடையது. பணமில்லாததால் வழக்கில் சிக்கியவரிடம், உம் பேச்சைக் கேட்க வேண்டுமானால் முதலில் பணத்தைக் கட்டும் என்பது அதன் பொருள்.

அழைப்பாணை சார்பு செய்யப்படும் முறையையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரதிவாதியைக் காண இயலாவிடில், வீட்டு வாயிலில் ஒட்டிவிட்டு அறிக்கை தர 5ஆம் கட்டளை இடமளிக்கிறது. பருவ வேலைக்கு வெளியூர் சென்ற குடும்பத்தின் கதவில் ஒட்டிய தாள் என்ன ஆகும் என்பது ஊகிக்கத்தக்கதே.

தக்காணத்தின் மாற்றுவழி

வேறு வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1875இல் பூனா, அகமத்நகர் மாவட்டங்களில் உழவர் கிளர்ந்தெழுந்து கடன் பத்திரங்களையும் தீர்ப்பாணைகளையும் பறித்து எரித்தனர். அதன் விளைவான 1879ஆம் ஆண்டுத் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் இரண்டு கடமைகளை நீதிமன்றத்தின்மீது சுமத்தியது. பத்திரத்தோடு நின்றுவிடாமல் கடனின் வரலாற்றைத் தொடக்கம் முதல் ஆராய வேண்டும் என்பது ஒன்று. தேவையில்லை எனக் கருதினால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்தாலன்றி, பிரதிவாதியைச் சாட்சியாக விசாரித்தே ஆகவேண்டும் என்பது மற்றொன்று. பிரதிவாதியின் வராமையை வாதியின் வெற்றியாகக் கொள்ளாமல், நீதிமன்றத்தின் பொறுப்பாகக் கொண்ட சட்டம் இது. சென்னை மாகாணத்தில் கலகம் இல்லை, அதனால் இச்சட்டமும் வரவில்லை. இங்கு பிரடெரிக் நிக்கல்சன் 1890களில் எழுதிய அறிக்கை, தீர்வை நீதிமன்றத்துக்கு வெளியே, கூட்டுறவுக் கடனில் தேடியது.

1918ஆம் ஆண்டின் மிகைவட்டிக் கடன் சட்டம் அகில இந்திய அளவில் ஒரு சிறு கதவைத் திறந்தது. வழக்கு ஒருதலைப்பட்சமாக நடந்தாலும்கூட, வட்டி மிகையெனக் கண்டால் நீதிமன்றம் கணக்கை மீளத் திறக்கலாம். ஆனால் 'நம்புவதற்குக் காரணம்' நீதிமன்றத்துக்கு எங்கிருந்து கிடைக்கும்? எதிரே இருப்பது வாதியும் அவரது நோட்டும் மட்டுமே.

1938: பொருளில் நீதி, நடைமுறையில் இடைவெளி

1930ஆம் ஆண்டின் மாகாண வங்கி விசாரணைக் குழு சென்னை மாகாணக் கிராமக் கடனை ஏறத்தாழ 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. விலை வீழ்ச்சிக்குப் பின் 1935இல் சத்தியநாதன் அறிக்கை அதை 204 கோடியாகக் கணித்தது. இராஜாஜி அமைச்சரவையின் 1938ஆம் ஆண்டுச் சென்னை உழவர் நிவாரணச் சட்டம் (சட்டம் 4/1938) துணிவான விடை. 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலைப்போல் இருமடங்கு செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. புதுப்பிக்கப்பட்ட நோட்டுகளின் பின்சென்று முதல் அசலைக் காணவும் வழி பிறந்தது.

கடன் கொடுத்தோர் இச்சட்டத்தை எதிர்த்தனர். புரோநோட்டு மத்தியப் பட்டியலுக்கு உரியது, மாகாணம் அதைத் தொடலாகாது என்பது அவர்களது வாதம். 1940இல் சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமிக் கவுண்டன் வழக்கில், நோட்டின் கடன் ஏற்கெனவே தீர்ப்பாணையாக மாறிவிட்டது என்னும் அடிப்படையில் கூட்டாட்சி நீதிமன்றம் சட்டத்தைக் காத்தது.

அரசியலமைப்பு வினா பெரிதும் பேசப்பட்டது. பேசப்படாதது 19ஆம் பிரிவு. சட்டத்துக்கு முந்தைய தீர்ப்பாணைகளை, கடனாளி மனுச் செய்தால் குறைக்கலாம் என்றது அது. சட்டத்துக்குப் பின் வழங்கப்பட்ட தீர்ப்பாணை பற்றிப் பேசவில்லை. அவ்வழக்குகளில் கடனாளி வந்து, தாம் உழவர் எனத் தாமே சொல்ல வேண்டும். வராதவருக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. பத்தாண்டு கழித்து, 1948ஆம் ஆண்டுத் திருத்தம் 19(2)ஆம் உட்பிரிவைச் சேர்த்து, சட்டம் தொடங்கியபோது இருந்த கடனுக்குப் பின்னர் வழங்கப்பட்ட தீர்ப்பாணைகளுக்கும் நிவாரணத்தை நீட்டியது. இந்த இடைவெளி இருந்ததை அத்திருத்தமே ஒப்புக்கொள்கிறது எனலாம்.

கடன் கொடுத்தோர் தரப்பையும் மறந்துவிடக் கூடாது. தீர்ப்பாணை கிடைத்த பின்னரே இந்திய வழக்காளியின் துன்பம் தொடங்குகிறது என்னும் பொருள்பட 1872இலேயே பிரிவி கவுன்சில் கூறியது. நகை விற்ற பணத்தைக் கைமாற்றாகக் கொடுத்த கைம்பெண்ணும் வாதியாகவே நீதிமன்றத்தில் நிற்கிறார். நிறைவேற்றத்தில் 60ஆம் பிரிவு உழவரின் ஏர்மாட்டையும் கைவினைஞரின் கருவியையும் ஜப்தியிலிருந்து காக்கிறது. நத்தத்தில் தாமே தைக்கும் தையற்காரரின் இயந்திரம் அதில் அடங்கும் என வாதிடலாம். ஐந்து இயந்திரம் வைத்து ஆள்விட்டுத் தைப்பவருக்கு அவ்வாதம் எளிதன்று. அவரும் அதே கடனில்தான் இருக்கிறார்.

காசோலைக்குப் பின்

2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு மிகைவட்டி வசூல் தடைச் சட்டம் கந்துவட்டியைக் குற்றமாக்கியது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் நிகழ்ந்த தீக்குளிப்பு, அச்சட்டம் எட்டாத தொலைவைக் காட்டியது. இதற்கிடையே கடன் வசூலில் பெருமளவு உரிமையியல் மன்றத்தைவிட்டு நகர்ந்துவிட்டது. 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 138ஆம் பிரிவின்படி காசோலை திரும்புதல் குற்றம். நிரப்பப்படாமல் கையொப்பமிட்டுத் தந்த காசோலைக்கும் கடன் உண்டு என்னும் அனுமானம் பொருந்தும் எனப் பீர் சிங் எதிர் முகேஷ் குமார் (2019) வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வெற்று நோட்டின் இடத்தை வெற்றுக் காசோலை எடுத்துக்கொண்டது. வராதவர்மீது இப்போது பிறப்பது ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை அன்று, பிடியாணை.

2018இல் சேர்க்கப்பட்ட 143அ பிரிவு, விசாரணை முடியும் முன்பே காசோலைத் தொகையில் 20 விழுக்காடு வரை இடைக்கால இழப்பீடாகச் செலுத்தப் பணிக்க இடம் தந்தது. 1887இன் வரம்புரை நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் குற்றவியல் மன்றத்தில் மறுபிறப்பு எடுத்ததாகவே இதைக் கொள்ளவேண்டும். ஒரு வேறுபாடு உண்டு. இராகேஷ் ரஞ்சன் சிறீவாத்சவா எதிர் சார்க்கண்ட் மாநிலம் (2024) வழக்கில், இந்த அதிகாரம் கட்டாயமன்று, விருப்புரிமையே எனவும், எதிர்வாதத்தின் தன்மையையும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் பொருள்நிலையையும் நீதிபதி நோக்கவேண்டும் எனவும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சிறுவழக்குச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்கு அத்தகைய தளர்வு இன்றும் இல்லை.